பின்பக்கக் கேட்டைத் திறந்துவைத்த டிரில் மாஸ்டர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்த ஒரு குறட்டைச் சத்தம்தான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. மைசூரில் பள்ளி ஆசிரியர்களுக்காக நாங்கள் நடத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி முகாம் அது. யானையைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் பிள்ளைகளிடம் பயமுறுத்தாமல், பொய் சொல்லாமல் எப்படிப் பேசுவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறு சோதனைச் சாவடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்த ஆசிரியைகள்கூட முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரிலேயே ஹெப்பாளிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய இவரோ, கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியின் டிரில் மாஸ்டர் அவர். அறிவியல் ஆசிரியையை அனுப்புங்கள் என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளியிடம் கெஞ்சுவேன். "போர்ஷன் முடியல மேடம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிடுவார். சாலை விதி, கண் பரிசோதனை, தீயணைப்பு, காட்டுயிர் என்று எந்தப் பயிற்சியானாலும் அங்கிருந்து வருவது இவர்தான். பாடம் எடுக்காதவரை அனுப்பினால் பாடம் கெடாது என்பது அவர்கள் கணக்கு. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. நானும் தமிழ் என்று தெரிந்ததும் சொந்தக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டார். "மேடம், ஊட்டா, அதான் சாப்பாடு, எத்தனை மணிக்கு? சர்டிபிகேட் இன்னைக்கே குடுத்துடுவீங்க தானே?" இந்த இரண்டைத் தவிர வேறு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "தூங்குறதுக்கு வீடு இல்லையா மாஸ்டர்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கண்ணை மூடினா காது மூடிக்குமா மேடம்? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில் அவருடைய பள்ளிக்குள் சிறுத்தை வந்தது. காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மைதானத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் கொட்டகையில் ஏதோ அசைவதை ஆயா பார்த்திருக்கிறார். பார்த்தவர் கத்தவில்லை, நேராக டிரில் மாஸ்டரிடம் போய்ச் சொன்னார். அவர் விசிலை ஊதி, "இன்னைக்கு ஓட்டம் கிடையாது, நடை. யார் சத்தமில்லாம கிளாஸுக்குப் போறாங்கன்னு பார்க்கலாம்" என்று கன்னடத்தில் சொல்லி, வரிசை கலையாமல் எல்லோரையும் உள்ளே அனுப்பினார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தச் சொன்னார். வனத்துறைக்குப் போன் போட்டார். பிறகு முன்கேட்டைப் பூட்டிவிட்டு, வெளிச்சுவரோரமாகச் சுற்றிப் போய், ஏரிக்கரைப் புதரைப் பார்த்த பின்பக்கக் கேட்டை அகலத் திறந்துவைத்துவிட்டு வந்தார். விலங்கைச் சுற்றிக் கூட்டம் கூட விடாதீர்கள், அது போகிற வழியை அடைக்காதீர்கள் என்று நான் முகாமுக்கு முகாம் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான்.

ஊர் சும்மா இருக்குமா? ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், பால்காரர்கள், பெற்றோர் எல்லோரும் முன்கேட்டில் கூடிவிட்டார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்மேல் ஏறினார்கள். கேட்டைத் திறக்கச் சொல்லி உலுக்கினார்கள். ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை! மாஸ்டர் பூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "யாரும் உள்ள வர வேண்டாம். பிள்ளைங்க பத்திரமா இருக்காங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். வனத்துறை ஜீப் வந்து கூட்டத்தை விலக்கிய கொஞ்ச நேரத்தில், சிறுத்தை கொட்டகையிலிருந்து வெளியே வந்து, மைதானத்தை ஓரமாகக் கடந்து, திறந்திருந்த கேட் வழியாகப் புதருக்குள் போய்விட்டதை மாடி வகுப்பிலிருந்த ஆசிரியை ஜன்னல் இடுக்கில் பார்த்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். "கையில் கிடைத்த சிறுத்தையைத் திறந்துவிட்ட பள்ளி" என்று மாலைக்குள் ஒரு வீடியோ ஹெப்பாள் முழுக்கச் சுற்றியது. குடியிருப்புச் சங்கத்தார் பள்ளியில் வந்து கத்தினார்கள். தாளாளர் மாஸ்டரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். நான் பள்ளிக்கு ஓடினேன். தாளாளருடைய தலைக்கு மேலே, எங்கள் முகாம் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"சார், அப்படித்தான் செய்யணும்னு சொல்லிக்கொடுத்ததே நாங்கதான். வனத்துறைக்காரங்களும் சரின்னுதானே சொன்னாங்க?"

"டிரெய்னிங் வேற, நிஜம் வேற மேடம்" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "பிடிச்சிருந்தா பேப்பர்ல ஸ்கூல் பேர் நல்லபடியா வந்திருக்கும்."

வெளியே வராந்தா பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து நீங்களே சொல்லுங்கள் என்று அவரை இழுக்காத குறை. "விடுங்க மேடம். பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆகல, அதுக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் எதுக்கு இவங்க இப்படிக் கத்தறாங்க?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. தனக்காக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனிதருக்காக எத்தனை பேரிடம் நான் பேசுவது! வருடக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். இப்போது நஞ்சன்கூடு சாலையில் வேறொரு பள்ளியில் இருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார்.

இந்த வருடம், அவரை அனுப்பிவிட்ட அதே ஹெப்பாள் பள்ளி வனவிலங்கு வார விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. போகாமல் இருந்திருக்கலாம், போனேன். வாசல் சுவரில் ஆளுயரச் சிறுத்தை ஓவியம். மேடையில் நாடகம். புள்ளி போட்ட உடையில் ஒரு குழந்தை தவழ்ந்து வர, காக்கி உடுப்புப் பிள்ளைகள் வலை வீசிப் பிடித்துக் கட்டித் தூக்கிப்போனார்கள். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுதி இயக்கியது அறிவியல் ஆசிரியை என்று பெருமையாக அறிவித்தார்கள். போர்ஷன் முடிந்துவிட்டது போலும்.

மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். தயாரித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, "நிஜமாவே சிறுத்தை வந்தா என்ன செய்வீங்க?" என்று பிள்ளைகளிடம் கன்னடத்தில் கேட்டேன். "பிடிப்போம்!" என்று மைதானமே அதிர்ந்தது. தாளாளர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கடைசி வரிசையில், பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "கதவைச் சாத்திட்டு உள்ள உட்காருவோம் மேடம். வழி விட்டா அது தானா போயிடும். நான் மூணாங்கிளாஸ்ல இருந்தப்ப எங்க டிரில் மாஸ்டர் அப்படித்தான் பண்ணினார்."

பக்கத்திலிருந்த ஆசிரியை அவள் கையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தார். அவள் உட்காரவில்லை.