கழித்தல் கணக்கு

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் நான் வாத்தியாராகச் சேர்ந்தேன். என் வகுப்பைப் பிரித்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்தியவர் இன்னொரு வாத்தியார். ஒடிசலான உடம்பு, சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத்தான் கணக்குச் சொல்லித்தருவார். சிலரை வெளியே அனுப்பினால் அது கழித்தல்.

அந்த வருஷம் காலராவில் அவருடைய மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்துபோனான். இரண்டாம் வகுப்பிலிருந்த அவன் தங்கையிடம், அண்ணன் மாகறல் கிராமத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

காலராவுக்காக மூடியிருந்த பள்ளி மறுபடி திறந்த பிறகு ஒருநாள் கழித்தல் நடந்தது. வெளியே போன பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தார்கள். அவள் எழுந்து கேட்டாள்:

"எங்க அண்ணன் எப்போ சார் வருவான்?"

அவர் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"வரமாட்டாம்மா. செத்துப்பூட்டான்."

அவளுடைய அழுகை பள்ளி முழுக்கக் கேட்டது. மதியம் அவள் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"கொழந்தகிட்ட சொல்ற பேச்சாய்யா இது?"

அவர் அந்தக் கையை விலக்கவில்லை. ஏன் சார் சொன்னீங்க என்று பிறகு நானும் கோபமாகக் கேட்டேன்.

"தெனமும் வாசலையே பாத்துக்கினு இருக்குது சார். இன்னும் எத்தினி நாளைக்குப் பாக்கும்?"

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கு வந்தாள். பின்வரிசைகளில் எவ்வளவோ இடமிருந்தும், அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.