பீரோவில் தொங்கிய சாவி

இலுப்பூர் வட்டாரத்தில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். என் கொட்டேஷனைப் படித்தவர்கள் வேறு ஆளைத் தேட மாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கே பட்டி பார்க்க வேண்டும், எத்தனை கோட்டிங் என்று விவரமாக எழுதி, ஏற்கெனவே முடித்த வீடுகளின் படங்களையும் பெயர், தெருவோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

போன மாதம், நான் வேலை செய்த ஒரு வீட்டு அம்மா பதறிப்போய் போன் செய்தார். கணவர் துபாயில், இவர் இங்கே தனியாக இருக்கிறார்.

"அண்ணே, பெட்ரூம் பெயிண்டப் பாக்கணும், நீங்கதான் அனுப்புனீங்கன்னு ஒரு ஆளு வாசல்ல நிக்கிறாரு. போன்ல எங்க ரூம் படத்தக் காட்டுறாரு!"

நான் யாரையும் அனுப்பவில்லை. "கதவத் தொறக்காதீங்கம்மா!" என்று கத்தினேன். அக்கம்பக்கத்தார் வந்து விசாரித்ததும் அந்த ஆள் பைக்கில் பறந்துவிட்டான்.

கொட்டேஷனோடு நான் அனுப்பிவந்த அந்த ரூம் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரோரம் பீரோ, அதில் சாவி தொங்கியது. கீழே நானே எழுதியிருந்தேன்: 'உரிமையாளர் துபாயில் இருந்தபோதும் எங்களை நம்பி ஒப்படைத்த வீடு.' எத்தனை பேருக்குக் கைமாறிப் போனதோ!

இப்போதெல்லாம் வெறும் சுவரை மட்டும்தான் படம் எடுக்கிறேன். பெயரும் தெருவும் போடுவதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"நம்பித்தானண்ணே உள்ள விட்டோம்?"