இன்னொரு சைஸ்மோர் பிள்ளை

எங்கள் கென்டக்கி மலையில் கல்லை விட்டெறிந்தால் சைஸ்மோர் என்ற குடும்பப் பெயருள்ள ஒருவர் மேல்தான் விழும். வெர்னாவும் சைஸ்மோர்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள். புருஷன் சுரங்கத்தூசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். அவளுக்கென்று மிஞ்சியது ஒரு மகளும் ஒரு சாட்சியும்.

ஒஹையோவுக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் சபைக்குத் திரும்பி வரும் ஞாயிறு ஒன்று ஆகஸ்டில் உண்டு. வெளியே மரத்தடியில் விருந்து. அதற்கு முன்னால் சாட்சி, ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து சபைக்குச் சொல்வது. வெர்னா எழுந்து நிற்பாள். மகள் லோரீனுக்கு மூன்று வயதில் வயிற்றுக்குள் கட்டி. எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அடுத்த படத்தில் கட்டியைக் காணோம். நான் பியானோ வாசிக்கிறவள், எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடும். அதைக் கேட்டுக் குடியை விட்டவர்கள்கூட உண்டு.

போன வருட விருந்தில் ஓபல் என்கிற ஒரு கிழவி வெர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவளாம். தட்டிலிருந்த கோழியைத் தொடவே இல்லை.

“அன்னிக்கு ரெண்டு சைஸ்மோர் பொண்ணுங்க வந்துச்சு, வெர்னா. ரெண்டும் ஒரே வயசு. படம் மாறிப்போச்சு. உம் பொண்ணுக்கு ஒண்ணுமே இருந்ததில்ல. பின்னாடிதான் எனக்கே தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட சொன்னேன், வாயை மூடிட்டு வேலையப் பாருன்னுட்டாரு.”

மறுநாள் வெர்னா என் வீட்டுக்கு வந்தாள். “ஈடித், இத்தனை வருஷமா ஆண்டவர் பேரால பொய் சொல்லியிருக்கேன்டி.”

“தெரியாமச் சொன்னது எப்படிடி பொய்யாகும்?”

“இப்பத் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்னன்னு எந்திரிச்சு நிப்பேன்?”

இரண்டு பேருமாகப் போதகரிடம் போனோம். பாஸ்டர் ட்ராவிஸ் சின்ன வயது, பெரிய படிப்பு. “சிஸ்டர், உண்மைங்கிறது ஒரு எக்ஸ்ரே படத்துல மட்டுமா இருக்கு? உங்க கதை எத்தனை பேரை மாத்தியிருக்கு! அந்த விதத்துல அது உண்மைதான்” என்றார்.

“நடந்துச்சா இல்லையா, பாஸ்டர்?”

“அந்தக் கேள்வியே கொஞ்சம் பழசு, சிஸ்டர்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கொடுத்த காப்பியை அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். இவருக்கு முன்னால் இருந்தவர், வேதத்தில் ஒரு வரி பொய்யென்றால் மொத்தமும் பொய் என்று மேடையைக் குத்துவார். அவரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவளை இவரிடம் கொண்டுவந்து விட்டால் அவள் எங்கே போய் நிற்பாள்?

லோரீன் லெக்சிங்டனில் கல்லூரி வாத்தியார். கோயில் பக்கம் வருவதை எப்போதோ விட்டுவிட்டாள். அவள் போனில், “அம்மா, அது உன்னோட உண்மை. அதை உங்கிட்டயிருந்து யாரும் பிடுங்க முடியாது” என்றாள்.

“ஆளுக்கொண்ணா வச்சுக்க அது என்ன பல்லு செட்டாடி?” என்று வெர்னா போனை வைத்துவிட்டாள்.

நம்புகிற போதகரும் நம்பாத மகளும் இதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். குளிர்காலம் முழுக்க வெர்னா சபையில் பாடவில்லை, உதடுகூட அசையவில்லை. ஒருநாள் தனியாக ஓபலைத் தேடிப் போய்வந்தாள். என்ன கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முகம் இன்னும் இருண்டது. அவள் விசுவாசத்தையே விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இந்த ஆகஸ்டில் லோரீனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் சாட்சிக்கு அழைத்ததும் வெர்னா எழுந்தாள்.

“எம் பொண்ணுக்குக் கட்டியே இருந்ததில்ல. ரெண்டு பிள்ளைங்க படம் மாறிப்போச்சு.”

பாஸ்டர் எழுந்தார். “உக்காருங்க தம்பி, இன்னும் முடிக்கல” என்றாள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ கட்டி யாருக்கு இருந்துச்சு? அதை யாருமே எங்கிட்ட கேக்கல. நாம இங்க அல்லேலூயா பாடிட்டு இருந்தப்போ, அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒஹையோவுக்குப் போறதாச் சொன்னாங்க, அவ்வளவுதான் ஓபலுக்குத் தெரியும். அவளும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுத்தான் வண்டி ஏறியிருப்பா. அது அவளோட உண்மை. அந்தப் பிள்ளையை அது காப்பாத்துச்சா?”

சாட்சி முடிந்தால் சபை ஆமென் சொல்ல வேண்டும், நான் பாட்டைத் தொடங்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை. என் விரல்களும் எழவில்லை.

“அந்தப் பிள்ளை பேரு எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்னு இன்னமும் நம்புறேன். ஆனா இத்தனை வருஷமா அவருக்கு நன்றி சொன்னேனே, எதுக்குன்னுதான் தெரியல.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். மரத்தடி விருந்தில் அவள் சுட்ட சோள ரொட்டியை யாரும் எடுக்கவில்லை. வெட்கக்கேடு, நான்கூட எடுக்கவில்லை. லோரீன் மட்டும் தட்டோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கும் இப்ப என் வயசு இருக்கும்ல, அம்மா?” என்றாள்.

வெர்னா மகளின் வயிற்றின் மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.