ஆடியிலும் கழற்றாத மாலை

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் களமருதூருக்குத் திரும்பிய வாரம், அம்மாவோடு நடவுக்குப் போனேன். அடுத்த வீட்டு அஞ்சலாட்சி அக்கா சிவப்புச் சேலையில் நின்றாள். அம்மனுக்குப் போட்ட விரத மாலை, தையில் கழற்ற வேண்டியது, ஆடியிலும் கழுத்தில் கிடந்தது.

"இன்னாக்கா, சாமியாராவே ஆயிட்டியா?" என்றேன்.

"இவ புருசன் கலியமூர்த்திதான் பாவம், ஏழு மாசமா வாசல்ல படுத்துக்கினு கெடக்கான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

மதியம் என்னைத் தனியே வரப்புக்குக் கூப்பிட்டாள். இரண்டாவது பிரசவத்திலிருந்து இருமினாலே சிறுநீர் கசிகிறதாம். ஒருநாள் கணவனோடு இருக்கும்போது பாய் நனைந்துவிட்டது. மறுநாளே மாலை போட்டுக்கொண்டாள்.

"இத எப்பிட்றி வாய்விட்டுச் சொல்றது? வேற எவனையாவது நெனச்சிக்கினு இருக்கியான்னு நேத்து கேட்டுட்டாரு."

காலையில் நான் பேசிய கேலி நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

அடுத்த நாள் உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "நெறைய பேருக்கு இருக்கும்மா. அடிக்கடி சிறுநீர அடக்கற மாதிரி தசைய இறுக்கி விடுங்க, நாளாக நாளாகக் கொறையும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே தலைகுனிந்தபடி சொல்லியிருக்கிறாள். கலியமூர்த்தி, "நான்தான் ஒனக்கு ஆவாதவன்னு நெனச்சிட்டேன்" என்றாராம்.

மறுநாள் பச்சைச் சேலையில் வந்தாள். "இன்னாடி, விரதம் முடிஞ்சிடுச்சா?" என்று பெண்கள் கூவினார்கள். அவள் முகம் சிவந்தது. நான் குனிந்து நாற்றைப் பிரித்தேன்.