டிக்கிக் கதவில் ஓர் ஆன்டெனா

காரில் ஆன்டெனா வைக்க மனைவி சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. "வண்டியில ஒரு கீறல் வுழுந்துச்சுன்னா வெச்சிக்கிறேன் உங்களுக்கு."

கார் அவளுடையது. மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, அவள் சம்பளத்தில், அவள் பெயரில் வாங்கிய வெள்ளை வண்டி. ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்தத் துளிகளையும் துணியால் ஒற்றி எடுத்தவள் அவள். ஓட்டுவதும் அவள்தான். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லுவேன், அவள் அதைக் கேட்க மாட்டாள்.

ஆன்டெனா தேவைப்பட்டது என் மாமனாருக்காக. மாமாவும் நானும் ஹாம் ரேடியோக்காரர்கள். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கொரு அழைப்புக் குறியோடு, செலவழித்து வாங்கிய கருவிகளில் இலவசமாகப் பேசுகிற கூட்டம் இது. அவர் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறார். கடலூரில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், மொட்டை மாடியில் நட்ட கம்பத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார். பாண்டிச்சேரியில் தொண்டையில் ஆபரேஷன் செய்தபோது அவருடைய குரல் போனது. உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சுதான் இனி இல்லை என்று டாக்டர் சொன்னார். மனைவி அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமா போனைத் தொடுவதில்லை. வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் கோபம் வரும். மகள் நீளமாக எழுதி அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். ஆனால் ரேடியோவை அவர் விடவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பஸ்ஸரை வைத்து, மோர்ஸில் தட்ட ஆரம்பித்தார். குட்டை ஒலி, நீள ஒலி என்று சேர்த்து எழுத்தெழுத்தாகச் சொல்கிற அந்தப் பழைய முறைதான். தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஒவ்வொரு தடவையும் முதலில் தன் அழைப்புக் குறியைத் தட்டாமல் தொடங்க மாட்டார். பேச்சு போனாலும் சட்டம் போகவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு மோர்ஸ் தெரியாது. அது இல்லாமலே வாங்கக்கூடிய லைசென்ஸ் என்னுடையது. "மோர்ஸ் தெரியாதவன்லாம் ஹாமா மாப்ள?" என்று குரல் இருந்த காலத்தில் மாமா என்னை ஓட்டாத நாளில்லை. இப்போது நான் வாயால் ஏதாவது பேசுவேன், அவர் ஏதாவது தட்டுவார். புரிந்ததுபோல் நானும் "சரி மாமா, சரி மாமா" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் சிதம்பரம் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் திரும்புவோம். வண்டி கிளம்பியதுமே மாமா தட்டத் தொடங்கிவிடுவார். மனைவி கேட்டுக்கொண்டே ஓட்டுவாள். என் கையிலிருந்த சின்ன ரேடியோவில், வழியில் பி.முட்லூர் தாண்டியதும் இரைச்சல் ஏறும், புதுச்சத்திரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் காருக்கென்று ஒரு ரேடியோ செட்டும், டிக்கிக் கதவின் விளிம்பில் மாட்டுகிற ஆன்டெனாவும் வாங்கினேன்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. விளிம்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு இரும்புத் தாங்கி, அதற்கு அடியில் கூர்முனை உள்ள இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள். அந்த ஸ்க்ரூ பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு தகட்டைத் தொட வேண்டும். அப்போதுதான் ஆன்டெனாவுக்கு எர்த் கிடைக்கும், வண்டியின் உடம்பு முழுக்க அதற்குத் துணையாகும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பெயின்ட் கெடாமல் இடையில் வைத்து முடுக்கினேன். மனைவி பயம் எனக்கு. ஆன்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் மீட்டரை இணைத்துப் பார்த்தால், முள் போகக் கூடாத இடத்துக்குப் போய் நின்றது. போகப்போகச் சரியாகிவிடும் என்று மீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

வெளிப்பார்வைக்கு ஆன்டெனா அம்சமாக இருந்தது. போலீஸில் சேர்ந்துவிட்டீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். ரேடியோவுக்குத்தான் எந்த மரியாதையும் கூடவில்லை. புதுச்சத்திரத்தில் செத்துக்கொண்டிருந்த ஒலி, ஆலப்பாக்கம் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் மாமாவும் நிறுத்திவிடுவார், எழுந்துபோய் டிவி பார்ப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

இதற்கிடையில் அவள் மோர்ஸ் கற்றுக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள், பாட்டுக் கேட்கிறாள் என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பி.முட்லூர் பக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்: "பெட்ரோல் போட்டியான்னு கேக்குறாரு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைவிட வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் "சரி மாமா" என்று பதில் சொன்னவன் நான்.

படிக்கத் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தவிப்பு அதிகமானது. முன்பு அது வெறும் ஒலியாகத் தேய்ந்து போனது. இப்போது வார்த்தை பாதியில் அறுந்தது. "பாதி எழுத்துதாங்க வருது. எங்கப்பா என்னவோ சொல்றாரு, எனக்கு வந்து சேர மாட்டேங்குது. உங்க கம்பிக்கு என்னதான் கேடு?" என்று ஒருநாள் என்னிடம் எரிந்து விழுந்தாள். நான் டியூப் துண்டைப் பற்றிச் சொன்னேன். பெயின்ட் கிழிந்தால்தான் எர்த், கிழிந்தால் நம்ம ஊர் உப்புக்காற்றில் துரு ஜாஸ்தியாக ஏறும், இரண்டையும் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போனாள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது டிக்கி திறந்திருந்தது. அவள் ஆலன் கீயோடு குனிந்திருந்தாள். டியூப் துண்டு தரையில் கிடந்தது. ஸ்க்ரூவை முடுக்க முடுக்க, வெள்ளைப் பெயின்ட் தூளாக உதிர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். "நான் பண்றேன்" என்றேன். "நீங்க பண்ணா இதையும் பாதியிலதான் வுடுவீங்க. மீட்டர எடுத்தாங்க." முள் அடங்கி நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலப்பாக்கம் வந்தது, போனது. ஒலி நிற்கவில்லை. இரைச்சல் கூட இல்லை. செம்மங்குப்பத்துக்கு வந்து, கெமிக்கல் கம்பெனி வாசனை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தபோதும் மாமா தட்டிக்கொண்டிருந்தார். அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

"எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு." அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப இவ்ளோ நாளா, நமக்குக் கேக்காதப்பவும்..."

நான் மைக்கை எடுத்து என் அழைப்புக் குறியைச் சொல்லி, "மாமா, செம்மங்குப்பத்துல நிக்கிறோம், நல்லா கேக்குது" என்றேன். பேசுவதற்காக அழுத்தியிருந்த பட்டனை விடுவதற்குள் அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். லைசென்ஸ் இல்லாதவர் பேசக் கூடாது என்று அவளைச் சின்ன வயதிலிருந்து மிரட்டி வைத்திருந்தவர் மாமா. இருந்தாலும் நான் விரலை எடுக்கவில்லை.

"அப்பா, சாப்டியா?"

சட்டம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தட்டினார், அழைப்புக் குறி இல்லாமல். ஒரு வார்த்தை. நிறுத்தி, மறுபடி அதே வார்த்தை. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கே பிடிபட்டது.

"என்னவாம்?"

"சாப்ட்டேன், சாப்ட்டேன்ங்கறாரு." அவள் சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ரெண்டு தடவ சொன்னா இன்னும் சாப்புடலன்னு அர்த்தம். எப்பவும் இப்படித்தான் பொய் சொல்லுவாரு."

நான் பட்டனை அழுத்தினேன். "பொய் சொல்லாதப்பா, எந்திரிச்சிப் போய் சாப்புடு" என்று அவள் கத்தினாள்.