திருத்தணி முடி, இத்தாலி மலையில்

"…குன்று இருக்கிற எடத்துல குமரன் இருப்பாரு, அது சரி அண்ணாத்தே. ஆனா கோமணத்தோட நிக்கிற சாமி இந்தக் குளுர்ல எப்பிடி நிக்கும்? போர்வ கூட இல்லாம?"

பாடிக்காரன் இப்படிக் கேட்டபோது நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இடம், இத்தாலி நாட்டு மலைப்பாதை; காலம், இரண்டாம் உலகப்போர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நாங்கள் இருவரும் லாரி டிரைவர்கள். எனக்கு ஊர் அம்பத்தூர், அவனுக்குப் பக்கத்து ஊரான பாடி. மலை உச்சியில் பெனடிக்ட் சபைச் சாமியார்களின் மடம். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான மடம் என்றார்கள். சண்டையில் வீடிழந்த சனங்களுக்கு அங்கே சோறு போட்டார்கள். அதற்கு மாவு மூட்டை கொண்டுபோய் இறக்குவது எங்கள் வேலை.

எங்கள் வேலை என்றேனே தவிர, ஓட்டியது நான் மட்டும்தான். முந்தின மாதம் இதே மாதிரி ஒரு வளைவில் அவன் லாரி சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அவன் ஓர் ஒலிவ மரத்தைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தான். தொங்கும்போதே, உயிரோடு விட்டால் திருத்தணிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டானாம். ஊருக்குக் கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேண்டுதல் தீராமல் ஸ்டீரிங்கைத் தொட்டால், சாமி இன்னொரு தடவை மரம் வைத்திருக்காது என்று அவனுக்குப் பயம். அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை வண்டி எடுக்காவிட்டால் கக்கூஸ் குழி வெட்டப் போகவேண்டியதுதான்.

அடுத்தவன் கஷ்டம் கையில் கிடைத்தால் என்னைப் போன்ற வாயாடி சும்மா இருப்பானா? பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டவன். ஆனால் ஊரில் காதில் விழுந்த பழமொழி ஒன்றையும் விடாமல் கட்டிக்கொண்டுதான் கப்பலேறினேன். குன்று, குமரன் என்று ஆரம்பித்ததே நான்தான். "இந்த மலையிலயே முடிய எறக்கிடு நைனா, முருகரு வரவு வச்சிக்குவாரு" என்று வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தேன்.

மடத்துக்குள் நுழைந்ததும் எனக்கே புல்லரித்துவிட்டது. தூண்கள் சூழ்ந்த முற்றத்தில் வரிசையாக முக்காலிகள். கறுப்பு அங்கிச் சாமியார்கள் தோளில் வெள்ளைத்துணி போர்த்தித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழச்சாமியார் கத்தியும் கையுமாக ஒவ்வொரு தலையாக வழித்துக்கொண்டு வருகிறார். பின்னால் ஒருவர் தண்ணீர்க் கிண்ணத்தோடு. மறுநாள் அவர்களுக்குப் பண்டிகை. அதற்கு உச்சந்தலையை வழிப்பது அவர்கள் வழக்கமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது என் கண்ணுக்குத் திருத்தணி சரவணப் பொய்கைக் கரைதான் தெரிந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றேன்.

"இன்னா அண்ணாத்தே, சுத்தி ஒரு வளையத்த உட்டுட்டானுங்க? பாதி கூலிக்குப் பாதி மொட்டயா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற சாமியார் உதட்டில் விரலை வைத்தார். பேசக்கூடாத வேளையாம். என்னைக் குழி வெட்டச் சொல்லியிருந்தால்கூட வெட்டியிருப்பேன். பேசாமல் இரு என்றால் நான் எங்கே போவேன்? நான் கற்று வைத்திருந்த நாலைந்து இத்தாலி வார்த்தைகளும் வாயிலேயே செத்தன.

சரி, கை இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். பாடிக்காரனைக் காட்டினேன். லாரி ஓட்டிக் காட்டினேன். பள்ளத்தில் உருண்டேன். ஒரு தூணைக் கட்டிப்பிடித்து மரத்தில் தொங்கினேன். வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கடைசியாக, மொட்டை என்பதற்கு என் தலையைத் தட்டி, விரலால் வழித்துக் காட்டினேன். முக்காலியில் இருந்தவர்களின் தோள்கள் குலுங்கின. கிழச்சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்க என் கையைப் பிடித்து அழைத்துப் போய், ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். என்னை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயே திறக்காமல் கெட்டேன். சில்லென்ற தண்ணீர் உச்சியில் விழுந்ததும் திமிறப் பார்த்தேன். ஆனால் கத்தி தலைமேல் ஏறிவிட்டது, ஆட்டினால் யாருக்கு நஷ்டம்? தேங்காயெண்ணெய் கிடைக்காத சீமையில், சமையல்காரனைக் கெஞ்சி வாங்கிய ஒலிவ எண்ணெயைப் பூசி, கோணல் வகிடெடுத்து நான் வளர்த்த கிராப்பு, மடிமேல் கொத்துக் கொத்தாக விழுந்தது.

நிமிர்ந்தால், பாடிக்காரன் மாவு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறான். அழுகிறான் என்றே நினைத்தேன். முகத்தைத் தூக்கினான். மீசையெல்லாம் மாவு. சிரிப்பு. ஒரு மாதமாக அவனிடம் நான் பார்க்காத சிரிப்பு.

சாமியார் அவனையும் கூப்பிட்டார். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, முன்நெற்றியில் ஒரு கொத்து முடியை மட்டும் விரலால் பிடித்துக் காட்டினான். அவர் கத்தரியால் நறுக்கிக் கையில் கொடுத்தார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது: பூமுடி! மொட்டைக்கு நாள் தள்ளிப்போனால், கொஞ்சம் முடியை நறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து, பிறகு வருகிறோம் என்று சாமியிடம் தவணை சொல்வது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. இத்தனை பழமொழி சுமந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. மஞ்சள் துணிக்கு அங்கே எங்கே போவது? டீக்கறை படிந்து பழுப்பேறிய தன் கைக்குட்டையிலேயே முடிந்துகொண்டான்.

மூட்டைகளை இறக்கிவிட்டு வெளியே வந்ததும், அடக்கி வைத்ததெல்லாம் எனக்குப் பீறிட்டது. "என் தல எப்பிடி கீது, நெசத்த சொல்லு!"

"நொங்கு சீவின பனங்கா மாரி கீது அண்ணாத்தே."

"எல்லாம் உனக்காவத்தான்டா! போவட்டும், என் முடியையும் உன் கணக்குல சேத்துக்கோ."

"உன் தலைக்கு உன் கணக்கு, என் தலைக்கு என் கணக்கு. சாமி ஆள் மாத்தி வாங்காது." மேலே பார்த்தான். பனி தூற ஆரம்பித்திருந்தது. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் காதுவரை இழுத்து மாட்டினான். நான் ஸ்டீரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். "தள்ளிக் குந்து."

கைக்குட்டை முடிச்சை லாரியின் முன்கண்ணாடியை ஒட்டி வைத்தான். ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முதல் வளைவு வந்ததும் ஹாரன் அடித்து, லாரியை மெல்லக் கீழே இறக்கினான்.