ஞாயிற்றுக்கிழமை யூரியா

ஆறாம் வகுப்புப் படித்தபோது எனக்கு ஒரு மக்காச்சோளக் காட்டின் மேல் பொறாமை இருந்தது. குண்டடத்துப் பக்கம் மழையை நம்பிய எங்கள் காடும் பெரியப்பாவின் காடும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். ஒரே கடையில் வாங்கி ஒரே வண்டியில் வந்த யூரியா மூட்டைகள்தான் இருவருக்கும். ஆனாலும் அவர்கள் சோளம் கரும்பச்சையாக நிற்க, எங்களுடையது வெளிறிப்போய் நின்றது. "உங்க காட்டுக்கு மஞ்சக்காமாலையா புள்ள?" என்று பெரியப்பா மகள் கேட்டபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நல்ல மூட்டையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு சனிக்கிழமை அவர்கள் கொட்டகையிலிருந்து ஒரு வாளி யூரியாவைத் திருடி, எங்கள் காட்டில் இறைத்தேன். முந்தின நாள் தூறலில் மண் லேசாக நனைந்திருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. மறுநாள் போய்க் குனிந்து பார்த்தால் மூக்கில் நெடி ஏறியது. நிமிர்ந்தால் பெரியப்பா. வரப்பில் நான் மறந்துவிட்டுப் போன அவர்கள் வாளி அவர் கையில் இருந்தது. அவர் திட்டாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மூட்டையில ஒண்ணுமில்ல கண்ணு. அரைகுறை ஈரத்துல போட்டு வெயில் அடிச்சா காத்தோட போயிரும். மழைக்கு முன்னால போட்டாத்தான் மண்ணுக்குள்ள இறங்கும். உங்கப்பனுக்கு ஞாயித்துக்கிழமதான் லீவு. மழைக்கு அது தெரியுமா? அடுத்த தடவ மேகம் கட்டுனா உங்க காட்டுக்கும் சேத்தி நானே போட்டுடறேன்னு சொல்லு."

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஷிப்மென்ட் நேரத்தில் மேகத்தைக் காட்டி லீவு கேட்க முடியாது. ஆனாலும், "நம்ம காட்டுக்கு நம்மளே போட்டுக்கலாம். வர்ற ஞாயித்துக்கிழம போடறேன்னு சொல்லிடு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய், தேவைக்கு மேலான சத்தத்தில் அதைப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை நான் பள்ளி விட்டு வரும்போது மேகம் கட்டியிருந்தது. பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடையோடு காட்டில் நின்றார்கள். அவர்கள் போட்டு முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மூட்டை கட்டு அவிழாமல் கிடந்தது.

அம்மாவின் போனில் அப்பா கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

"நல்ல மழைங்க அப்பா" என்றேன்.

எங்கள் காட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. "உங்க பெரியப்பா உரம் போட்டுட்டாரா?" என்றார்.

"போட்டாச்சுங்க அப்பா."

அந்தப் பக்கம் துணி வெட்டும் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

அண்ணன் மேல் அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.